ஓசி டீயும் ஒரு மீசையும்

காசு வாங்கிக்கொண்டு டீ கொடுப்பவனை ஊர் நம்பும். ஓசியில் கொடுப்பவனைப் பெற்ற தாயே நம்ப மாட்டாள். வீடு வீடாக ஏறி இறங்கி சோப்பு, பல்பொடி, ஊதுவத்தி என்று எதையாவது சாம்பிள் கொடுத்துப் பிழைத்த அன்பர்கள் இதைப் படித்தால், இந்த ஒரு வரியிலேயே பெருமூச்சு விட்டிருப்பார்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேயிலைக் கம்பெனியின் பிரசார வண்டியில் நான் வேலை பார்த்தேன். திருச்சி ஜில்லாவில் ஊர் ஊராகப் போக வேண்டும். சந்தையிலோ தேரடியிலோ வண்டியை நிறுத்தி, தண்ணீரைக் கொதிக்க வைத்து, டீ போட்டுக் காட்டி, ஆளுக்கு அரை டம்ளர் சும்மா கொடுக்க வேண்டும். வண்டியிலேயே படுக்கை, வண்டியிலேயே அடுப்படி. வண்டியில் இரண்டே பேர். நான் டீ போடுகிறவன். டிரைவர், பாலக்கரை அந்தோணி அண்ணன். கம்பெனியின் வேதவாக்கு ஒன்று உண்டு: தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தூள் போட வேண்டும், தூளைப் போட்டுக் கொதிக்க விடக்கூடாது.

இதைச் சரியாகச் செய்கிறோமா என்று பார்க்கக் கம்பெனி ஒரு இன்ஸ்பெக்டரை மாறுவேடத்தில் அனுப்புகிறது என்று எங்கள் ஆட்களிடையே பேச்சு. அவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவன் வேலையில் இல்லை என்பார்கள். நான் அப்போது டெம்பரவரி. அந்த இன்ஸ்பெக்டர் நல்ல வார்த்தை சொன்னால்தான் பெர்மனன்ட். பெர்மனன்ட் ஆனால்தான் பெண் என்று, எடமலைப்பட்டி புதூரில் அம்மாவும் மாமாவும் பேசிவைத்திருந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். பெண்ணை நான் பார்த்ததில்லை, பெண் வீட்டாரையும் பார்த்ததில்லை. போட்டோவை மட்டும் பார்த்திருந்தேன். அந்தப் போட்டோவுக்காக, டீ வாங்க வந்த ஒவ்வொரு முகத்தையும் இவன்தான் இன்ஸ்பெக்டரோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே திரிந்தேன்.

உனக்கு எத்தனை?

முதல் முகாம் உப்பிலியபுரம். வண்டியின் பின்கதவைத் திறந்து கரி பாய்லரை மூட்டினால் அது நாலு பக்கமும் ஒழுகியது. சரி என்று பம்ப் ஸ்டவ்வை இறக்கினேன். ஸ்டவ் இரைச்சல் போட ஆரம்பித்ததும் கூட்டம் சேர்ந்தது. ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. முன்னால் நின்ற ஒரு பெரியவர் மட்டும் விசாரணையை ஆரம்பித்தார். "எல்லாருக்கும் சும்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். "எதுக்கு?" என்றார். குடித்துப் பழக வேண்டும் என்பதற்காக என்றேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "போன மாசம் ஒரு ஜீப்பு வந்து, புள்ளை பெத்தது போதும்னு சொல்லிட்டுப் போச்சு. இந்த மாசம் நீ வண்டியில வந்து இதைக் குடினு சொல்றே" என்றார். பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

என்னையே முதலில் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். அந்தோணி அண்ணனைக் குடிக்கச் சொன்னார்கள். அவரும் குடித்தார். எங்களுக்கு என்ன ஆகிறது என்று ஊரே காத்திருந்தது. அன்று தைரியமாக டம்ளரை நீட்டியவர் ஒரே ஒரு ஆள். கையில் குடை, உதட்டுக்கு மேல் பெரிய மீசை, இடுப்பில் வெற்றிலைப் பை. அந்த ஊர்க்காரர் மாதிரியும் இல்லை. டீயை விட வண்டியின் உள்புறத்தைத்தான் அவர் கவனமாகப் பார்த்தார். இவர்தான் இன்ஸ்பெக்டர் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குள் பெரியவர் விசாரணையை முடிக்க வந்துவிட்டார்.

"சரி, நீயும் குடிச்சுட்ட. உனக்கு எத்தனை புள்ளைங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களா? இதைத்தான் நான் அப்பலேருந்து சொல்லிட்டிருக்கேன்!"

எவ்வளவு தூரம் ஓட்டணும்?

அந்தோணி அண்ணனிடம் ஒரு கெட்ட பழக்கம். காலையில் முகம் மழிக்க வெந்நீர் வேண்டும் என்றால் ஸ்டவ்வைத் தொடமாட்டார். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, ரேடியேட்டருக்கு அடியில் உள்ள குழாயைத் திருகி, சொம்பில் பிடித்துக்கொள்வார். துருவும் கிரீஸும் கலந்த அந்தத் தண்ணீரில் மழித்தும் அவர் முகம் மட்டும் எப்படியோ பளபளவென்று இருக்கும்.

துவரங்குறிச்சியில் இதை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், டீக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் கிணற்றிலிருந்து குடத்தில் இறைத்து வந்து, எல்லார் கண்ணுக்கும் எதிரே ஸ்டவ்வில் வைத்துக் கொதிக்கவிட்டேன். ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் வண்டியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கம் சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் பெருகியது. கடைசியில் புளி விற்க வந்த ஒரு அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, என் மேல் உண்மையான இரக்கத்தோடு கேட்டாள்: "ஏன் தம்பி, இந்தத் தண்ணி கொதிக்கிறதுக்கு எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

தோல் கீல் இல்லையே?

ஸ்ரீரங்கத்தில் டீ கொடுப்பது கொள்ளிடத்து மணலில் நாற்று நடுகிற வேலை. அங்கே காப்பி பெருமாளுக்கு அடுத்தபடி. ஆனாலும் கம்பெனி உத்தரவு. சித்திரை வீதி முனையில் வண்டியை நிறுத்தினோம். ரிட்டயரான கணக்கு வாத்தியார் வரதாச்சாரி சுவாமி, பன்னிரண்டு திருமண்ணோடு வந்து நின்றார். ஊரில் புதிதாக எது வந்தாலும் அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்களாம். ஸ்டவ்வைச் சுற்றி வந்து பார்த்தவர், நான் பம்ப் அடிப்பதைக் கண்டதும் நின்றார். "காத்து எப்படி உள்ளே போறது? இந்த யந்திரத்துல தோல் கீல் ஒண்ணும் இல்லையே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வீதி மூலையில் அதே குடை, அதே மீசை. இன்ஸ்பெக்டர் முன்னால் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "பம்புக்குள்ள ஒரு தோல் வாஷர் இருக்குங்க" என்றேன். "ரங்கா!" என்றார் சுவாமி. வீதியே பின்வாங்கியது.

விடக்கூடாது என்று நான் கெஞ்சினேன். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. சுவாமியின் வீட்டு வாசலில் மூன்று செங்கல், தென்னைமட்டை, அவர்கள் வீட்டு வெண்கலப் பானை, அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பற்றவைப்பதும் அவரே. நான் பத்தடி தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் எரிய விடுங்க, குமிழி பெரிசா வரணும்" என்று வாயால் மட்டும் வேலை பார்க்க வேண்டும். தண்ணீர் கம்பெனிக்காரனே மெச்சும்படி கொதித்தது. "இப்ப தூளைப் போடலாங்க" என்று பொட்டலத்தை நீட்டினேன். சுவாமி அதைக் கவனிக்கவில்லை. ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்து, ஆற்றி, அண்ணாந்து குடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தீர்த்தம் திவ்யமா காஞ்சிருக்கு. இதுல எதுக்கு ஓய் அந்த இலையைப் போட்டு அபசாரம் பண்ணணும்?"

டீ நாத்தம்

பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீட்டாருக்குத் தெரியும். எடுத்தவுடன் அது எரியாது. பர்னருக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். அதனால் வண்டியில் எப்போதும் ஒரு பாட்டில் ஸ்பிரிட் தொங்கும். மதுவிலக்குக் காலம். வார்னிஷையே வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் ஸ்பிரிட் பாட்டிலோடு ஊர் சுற்றுவது, மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கிற கதைதான்.

மதுரை ரோட்டில் எடமலைப்பட்டி புதூரைத் தாண்டும்போது நான் வழக்கம்போல் தலையை வாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் போலீஸ் கை காட்டியது. ஏட்டு வண்டிக்குள் ஏறினார். முதலில் அவர் கண்ணில் பட்டது அந்தப் பாட்டில்தான். திறந்து மோந்தார். "ஸ்டவ்வுக்குங்க" என்றேன். "எல்லாரும்தான் ஸ்டவ்வுக்குங்கிறான்" என்றார். எங்களை இறங்கச் சொன்னார். ஊதச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் நின்றுவிட்டது. ஜன்னலெல்லாம் தலைகள். ஒரு ஜன்னலில் அந்த மீசை! நான் ஏட்டின் முகத்துக்கு நேராக ஊதிக்கொண்டிருப்பதை அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்மனன்ட் போயிற்று, போட்டோவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டோரத்திலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து, டீ போட்டு, ஏட்டுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தேன். ருசித்துக் குடித்தார். பாட்டிலையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் போகும்போது அந்தோணி அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர் வாயிலயும் டீயைத் தவிர வேற நாத்தமே வரலை. அதான்யா எனக்குச் சந்தேகமா இருக்கு."

கோடு

ஆடி பிறந்தது. மணப்பாறைச் சந்தையில் இரண்டு நாள் முகாம். முதல் நாள் கடையைக் கட்டும்போது பார்க்கிறேன், ஸ்பிரிட் பாட்டிலில் சரியாக ஸ்பிரிட் நிற்கிற உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. நான் போடவில்லை. வண்டியில் இருப்பது இரண்டே பேர். அப்படியானால் அந்தோணி அண்ணன்தான் என்னைச் சந்தேகப்பட்டு அளவு வைத்திருக்கிறார்! ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் இப்படிச் செய்வாரா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறார். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி முழுக்க இருவரும் ஜாடையிலேயே குடும்பம் நடத்தினோம்.

மறுநாள் ஆடிக்காற்று ஆளையே தள்ளியது. ஸ்பிரிட்டை ஊற்றிக் குச்சியைக் கிழித்தால் அணைந்தது. பற்றினால் பர்னர் காயும் முன் காற்று அள்ளிப்போனது. கோணியை மறைப்புக் கட்டியும் பயனில்லை. மறுபடி ஊற்று, மறுபடி கிழி. சாயங்காலம் பார்த்தால் ஸ்பிரிட் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. அண்ணன் பாட்டிலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் பொறுக்கமாட்டாமல், "கோடு போட்டு வேவு பாக்குறது நீங்கதானேண்ணே?" என்று கேட்டுவிட்டேன். அவர் அதிர்ந்துபோனார். "மாதா மேல சத்தியமா நான் போடலைடா. நீதான் என்னை வேவு பாக்குறேன்னு நெனச்சு நேத்தியிலேருந்து எனக்குச் சோறே இறங்கலை" என்றார். உண்மையில் அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது.

கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தோம். சுண்ணாம்பு. யார் என்று இருவரும் யோசித்தோம். எனக்கு மட்டும் வண்டியின் பின்படியில் சாய்ந்து நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் உருவம் ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்டர்தான், சந்தேகமே இல்லை. சொன்னேன். அண்ணன் காற்றை மறந்துவிட்டு வெகுநேரம் கணக்குப் போட்டுச் சொன்னார்: "நானும் குடிக்கலை, நீயும் குடிக்கலைன்னா, கோடு போட்டவன்தான்டா குடிச்சிருக்கணும்."

நானே பத்த வைக்கிறேன்

ஆடி கடைசி வாரம் மருங்காபுரி. வெட்டவெளி, காற்றுக்குக் கேட்க வேண்டுமா? குடைக்காரர் வந்தார். இந்தத் தடவை ஓரமாக நிற்கவில்லை. நேராக ஸ்டவ்வுக்கு எதிரே வந்து குடையை மடக்கி ஊன்றினார். "தம்பி, இந்த ஸ்பிரிட்டு ஒரு தடவைக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்றார். "காத்தைப் பொறுத்துங்க" என்றேன். "கொண்டாங்க, நானே பத்த வைக்கிறேன்" என்று தரையில் குந்திவிட்டார்.

இன்ஸ்பெக்டரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பாட்டிலையும் தீப்பெட்டியையும் பயபக்தியோடு கொடுத்தேன். ஊற்றினார், கிழித்தார், அணைந்தது. மறுபடி ஊற்றினார், அணைந்தது. ஒவ்வொரு தடவையும் பாட்டிலை உயர்த்தி அளவு பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில், பர்னர் காய்வதற்குள் பம்ப்பைப் பிடித்து வேகவேகமாக அடித்துவிட்டார். "ஐயா, வேணாங்க!" என்று நான் கத்துவதற்குள், உள்ளேயிருந்த மண்ணெண்ணெய் புஸ்ஸென்று மஞ்சளாகச் சீறி எழுந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் இடது மீசை ஒரு நொடியில் மறைந்தது.

ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தோம். முடி கருகிய நாற்றம். என் வேலையைப் பற்றி ரிப்போர்ட் எழுத வந்தவரின் மீசையை எரித்தவனுக்குப் பெர்மனன்ட் யார் கொடுப்பார்கள்? அந்தோணி அண்ணன் ஏற்கெனவே வண்டிக்குப் பின்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். குடைக்காரரோ எரிந்த உதட்டைத் தடவினார், பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"இப்பதான் தம்பி எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் ஏதும் துக்கமா?

ஆவணி பிறந்ததும் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெர்மனன்ட் பேச்சையே காணோம். வந்து பெண்ணைப் பாருங்கள் என்றார்கள். இதிலும் எனக்குச் சந்தேகம்தான். அம்மா, மாமா, நான் மூவரும் போனோம். வாசலில் வரவேற்றவரைப் பார்த்ததும் என் கால் படியிலேயே நின்றுவிட்டது. அதே குடை மூலையில் சாத்தியிருந்தது. அதே கண். ஒரு பக்க மீசையோடு நடமாட முடியாமல் மறுபக்கத்தையும் மழித்திருந்தார். கம்பெனி அனுப்பிய ஆள் என்று நான் நடுங்கியவர் பெண்ணின் அப்பா, கடலை வியாபாரி!

நான் வாய் திறப்பதற்குள் மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாமா ஏற்கெனவே அவரை மீசையோடு பார்த்திருந்தார். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் மீசையை எடுப்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் வழக்கம். "தீட்டு வீடுடா. மறைச்சுட்டுப் பொண்ணு காட்டுறாங்க. கை நனைக்காம கிளம்பு" என்று காதில் சீறினார். பிறகு உரக்கவே கேட்டுவிட்டார்: "வீட்ல ஏதும் துக்கமுங்களா?" இல்லை என்றார் அவர். "அப்ப மீசை?" என்றார் மாமா. அவர் முகம் சிவந்தது. அம்மா எழுந்தே விட்டாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பெண் கைநழுவிப் போகிறதே என்று நான் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

வேறு வழியில்லாமல் பெண்ணின் அப்பா சொன்னார். "மாப்பிள்ளை எந்த வாரம் எந்த ஊருன்னு அன்னிக்கு உங்க தங்கச்சிதானே சொன்னாங்க. ஊர் சுத்துற பையன், பழக்கம் எப்படினு பாக்கத்தான் பின்னாலயே போனேன். வண்டியில ஸ்பிரிட்டு பாட்டில். போலீஸ் ஊதச் சொல்றான். சுண்ணாம்புல கோடு போட்டுட்டு வந்து மறுநாள் பாத்தா பாதியைக் காணோம். சம்பந்தமே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். கடைசியா நானே ஒரு தடவை பத்த வெச்சுப் பாப்போம்னு போனேன். அதுல போச்சு மீசை." மாமா இதையும் நம்பவில்லை. "சாட்சி யாரு?" என்றார். "நான்தான் மாமா. அவர் மீசை என் கண்ணெதிரேதான் எரிஞ்சுது" என்றேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்துபோய், சம்பந்தியின் மேலுதட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "தீக்காயந்தான்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

காப்பி வந்தது. மாமா டம்ளரை எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், மெல்ல மோந்து பார்த்தார். நிலைப்படி ஓரத்திலிருந்து, தலை குனிந்தபடியே, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, நான் போட்டோவில் பார்த்த மரகதம் சொன்னாள்: "அப்பா, காப்பித் தண்ணி விறகு அடுப்புலதான் வெச்சேன், ஸ்பிரிட்டு தொடலைன்னு அவங்க மாமாகிட்ட சொல்லிடுங்க."

தை மாதம் பெர்மனன்ட் தானாக வந்தது. இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தனை ஊரில் அத்தனை பேருக்கு ஓசியில் கொடுத்தும் என்னை முழுசாக நம்பிய ஒரே ஆள் என் மாமனார். அவரும் அதற்கு ஒரு மீசையைக் கொடுத்த பிறகுதான் நம்பினார்.